படத்திற்கும் ஒரு பாயிரம்
மாணவர் அசைவூட்டப் பணிக்குப் பணிக்குறிப்பைத் தேர்ந்தெடுத்தல்

மாணவர் ஒருவர் அசைவூட்டப் படம் ஒன்றை உருவாக்க முற்படும்போது, அவர் முதலில் நாடுவது வரைபலகையையும் கணினியையுமே. கதைமாந்தரின் முகம், உடை, கண்ணின் வடிவம் ஆகியவை முதல் வாரத்திலேயே அழகுற அமைந்துவிடுகின்றன. ஆயினும் பருவ இறுதியில் ஒப்படைக்கப்படும் படங்களுள் சில பாதியில் நின்றவையாகவும், சில அவசரமாக முடிக்கப்பட்டவையாகவும் இருக்கக் காண்கிறோம். வரையும் திறத்தில் உள்ள குறைபாடு இதற்குக் காரணமாவது அரிது. என்ன செய்யப் போகிறோம், யாருக்காகச் செய்யப் போகிறோம், எவ்வளவு செய்ய இயலும் என்னும் மூன்றையும் தொடக்கத்தில் வரையறுக்காமையே பெரும்பாலும் காரணமாகிறது.

இவ்வரையறையை ஒரு பக்க அளவில் எழுத்தில் அமைத்துக்கொள்வதைத் துறையினர் 'கிரியேட்டிவ் பிரீஃப்' என்பர். இக்கட்டுரை அதனைப் 'பணிக்குறிப்பு' என்றும், அனிமேஷனை 'அசைவூட்டம்' என்றும் வழங்குகிறது. வணிக உலகில் பணிக்குறிப்பை வாடிக்கையாளர் தருவார். கல்விக்கூடத்திலோ மாணவரே அதனைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பல வேளைகளில் பெறுகிறார். எதனையும் எடுத்துக்கொள்ளலாம் என்னும் அவ்வுரிமையே அவரைத் தடுமாறவும் செய்கிறது. அத்தடுமாற்றத்தைத் தீர்க்கும் வழியைப் பங்சார் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

நன்னூல் காட்டும் வழி

பணிக்குறிப்பு என்பது மேலை நாட்டு விளம்பர நிறுவனங்களிலிருந்து வந்த வழக்கம் எனக் கருதப்படுகிறது. எனினும் ஒரு படைப்பைப் பற்றி அறிய வேண்டுவன எவை என்னும் வினாவைத் தமிழ் இலக்கண மரபு நெடுங்காலத்திற்கு முன்பே எழுப்பி விடையும் கண்டுள்ளது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாயிரத்தைப் பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என இரண்டாகப் பகுக்கிறது. சிறப்புப்பாயிரம் கூற வேண்டிய செய்திகள் எட்டு. நூலின் பெயரும் அதனை இயற்றியவர் பெயரும் அவற்றுள் அடங்கும். நூல் எதன் வழியாக வந்தது, எந்நிலப்பரப்பில் வழங்குவது, எவ்வகையில் யாக்கப்பட்டது, எப்பொருளைக் கூறுவது, அதனைக் கேட்பதற்கு உரியவர் யாவர், அதனால் விளையும் பயன் யாது என்பன ஏனைய ஆறு. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பதினொன்று எனக் கொள்வாரும் உளர் என்று நன்னூல் குறிக்கிறது.

இப்பதினொன்றையும் ஓர் அசைவூட்டப் படத்திற்குப் பொருத்திப் பார்க்கலாம். 'வழி' என்பது கதையின் மூலத்தைக் குறிக்கும்: நாட்டுப்புறக் கதையா, முதியவர் ஒருவரின் நினைவா, ஆவணமா என்பது தெளிவாக வேண்டும். 'யாப்பு' என்பது படம் ஆக்கப்படும் முறை: கையால் வரைவதா, களிமண் உருவங்களை நகர்த்திப் படமெடுப்பதா, கணினியில் முப்பரிமாணமாக அமைப்பதா என்பது. 'கேட்போர்' என்பார் பார்வையாளர். 'களம்' என்பது படம் திரையிடப்படும் இடம். 'காலம்' என்பது ஒப்படைக்கும் நாள். தொழில்முறைப் பணிக்குறிப்பு எதுவும் இவற்றுக்கு அப்பாற்பட்ட அடிப்படை வினா ஒன்றைக் கேட்பதில்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனங்கொள்ள வேண்டும். பாயிரம் முடிந்த நூலைப் பற்றிப் பேசுவது. பணிக்குறிப்போ இனி உருவாக வேண்டிய படத்தைப் பற்றிப் பேசுவது. ஆகவே பணிக்குறிப்பு எழுதுதல் என்பது, தம் படம் முடிந்தபின் பிறர் அதனைப் பற்றி என்ன கூற வேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுத்தலாகும்.

சிறிதாகத் தொடங்கிய இரு படைப்புகள்

நம் நாட்டு அசைவூட்ட வரலாறு இவ்வரையறையின் பயனை நன்கு காட்டுகிறது. மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படம் எனப் போற்றப்படுவது 'ஹிகாயாட் சாங் கஞ்சில்'. பிலெம் நெகாரா மலேசியாவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் அதனை உருவாக்கினார். 1978இல் தொடங்கப்பெற்ற அப்பணி 1983இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. இன்றைய கணினி வசதிகள் இல்லாத காலம் அது. அத்தகைய சூழலில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், நாட்டு மக்கள் அனைவரும் அறிந்த சருகுமானின் கதை. கதையை விளக்குவதற்கு அவர் நேரம் செலவிட வேண்டியதில்லை. விலங்குகளே மாந்தர் ஆதலின் அசைவிலே முழுக் கவனத்தையும் செலுத்த இயன்றது. குறைந்த கருவிகளுக்கு ஏற்ற பொருளைத் தேர்ந்ததில்தான் அப்பணிக்குறிப்பின் சிறப்பு அமைந்துள்ளது.

இரண்டாவது, இன்று மலேசியக் குழந்தைகள் அனைவரும் அறிந்த 'உப்பின் & இப்பின்'. 2007இல் தொலைக்காட்சியில் அது தோன்றியபோது ஆறு சிறு பகுதிகளைக் கொண்ட நோன்பு மாதத் தொடராகவே இருந்தது. நோன்பின் பொருளைச் சிறுவர்க்கு உணர்த்துதல் அதன் நோக்கம். 'கெங்' என்னும் முழுநீளப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்த லெஸ் கோப்பாக் நிறுவனத்தார், தம் கதைசொல்லும் முறையை மக்கள் ஏற்பரா என அறிவதற்கு இச்சிறு தொடரை ஒரு சோதனையாகவும் கொண்டனர். அப்படம் 2009இல் வெளிவந்தது. பார்வையாளர் இன்னார், பயன் இன்னது, காலம் இன்னது என மூன்றும் உறுதியாக இருந்த சிறிய பணிக்குறிப்பு ஒன்றிலிருந்தே அப்பெரிய மரம் கிளைத்தது. கம்பத்து வீடு, இரு சிறுவர், அவர்தம் பாட்டி, அக்காள் என்னும் குறுகிய எல்லை அதற்கு இடையூறாகவில்லை.

அளவைக் கணக்கிடுதல்

பணிக்குறிப்பைத் தேரும்போது உணர்ச்சிக்கு முன் கணக்கு வர வேண்டும். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியம் இரண்டு சட்டகங்களுக்கு நிற்பதாகக் கொண்டால், ஒரு நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். ஐந்து நிமிடப் படத்திற்கு 300 நொடிகள். எனவே 3,600 ஓவியங்கள். மூன்று மாணவர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 15 ஓவியங்களை வரைந்தால் நாளொன்றுக்கு 45 ஆகும். 3,600 ஓவியங்களை முடிக்க 80 நாள் தேவை. 14 வாரப் பருவத்தில் வாரத்திற்கு ஐந்து நாள் என வைத்துக்கொண்டால், கிடைப்பது 70 நாள் மட்டுமே. கதை எழுதவும், ஒலி சேர்க்கவும், வண்ணம் தீட்டவும், பிழை திருத்தவும் ஒரு நாளும் எஞ்சாது.

அதே குழு 90 நொடிப் படத்தை எடுத்துக்கொள்ளுமாயின் வேண்டப்படுவன 1,080 ஓவியங்கள். அவற்றை 24 நாளில் வரைந்துவிடலாம். எஞ்சிய 46 நாளும் சிந்திப்பதற்கும் திருத்துவதற்கும் பயன்படும். ஐந்து நிமிடப் படம் 90 நொடிப் படத்தைவிட மேலானது என்னும் எண்ணம் மாணவரிடையே உண்டு. ஆசிரியர் இக்கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டினால் அவ்வெண்ணம் தானே அகலும்.

அசைவூட்டம் எதற்கு வேண்டும்?

அளவு பொருந்திய பின் எழும் வினா இது: இப்பொருளுக்கு அசைவூட்டம் உண்மையில் தேவைதானா? கைப்பேசிக் கேமராவால் ஒரே நாளில் படமாக்கத்தக்க ஒன்றை மூன்று மாதம் வரைந்து காட்டுவதில் பொருளில்லை. கேமரா செல்ல இயலாத இடத்திற்கு அசைவூட்டம் செல்லும். 1915இல் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலால் லூசித்தானியா என்னும் பயணக் கப்பல் மூழ்கியது. அக்காட்சியைப் படமெடுத்தவர் எவருமிலர். அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே அதனை வரைந்தே காட்டினார். அப்படம் 1918இல் வெளிவந்தது. கண்ணால் காண இயலாமற்போனதைக் காட்டுவதற்கு ஓவியம் துணைநின்றது.

நினைவும் கேமரா செல்ல இயலாத இடமே. இந்தியாவைச் சேர்ந்த நீனா சப்னானி, நாட்டுப் பிரிவினையின்போது தம் தந்தையார் பிரிய நேர்ந்த இளமை நட்பை 'முகுந்த் அண்டு ரியாஸ்' என்னும் குறும்படமாக 2005இல் உருவாக்கினார். துணித்துண்டுகளை ஒட்டித் தைக்கும் கைவினையின் தோற்றத்தை அப்படத்தின் ஓவிய முறையாகக் கொண்டார். பிரிந்த நிலத்தின் கதையைத் தைத்த துணியின் வழியே கூறியமையால் பொருளும் யாப்பும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

கருவியின் குறையும் துணையாகலாம். 1986இல் பிக்சார் நிறுவனத்தின் ஜான் லாசெட்டர் உருவாக்கிய 'லக்சோ ஜூனியர்' என்னும் படம் ஏறத்தாழ இரண்டு நிமிடமே ஓடும். அக்காலக் கணினியால் மனித முகத்தை இயல்பாகக் காட்ட இயலாது. எனவே இரண்டு மேசைவிளக்குகளும் ஒரு பந்துமே அதன் கதைமாந்தர். விளக்கு தலைகுனிவதில் குழந்தையின் ஏமாற்றத்தைப் பார்வையாளர் உணர்ந்தனர். எது இயலாது என்பதைத் தொடக்கத்திலேயே பணிக்குறிப்பில் எழுதிவிடுவதன் நன்மையை இப்படம் உணர்த்தும்.

பங்சாரிலிருந்து மூன்று பணிக்குறிப்புகள்

இவ்வளவைகளைக் கொண்டு பங்சாரைப் பொருளாக்க விழையும் ஒரு குழுவின் முன் மூன்று தெரிவுகள் இருப்பதாகக் கொள்வோம்.

முதலாவது, 'பங்சாரின் நூறாண்டு'. ரப்பர்த் தோட்டம் குடியிருப்பான கதை, தொடர்வண்டித் தடத்தையொட்டிய பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தோடு அதற்குள்ள உறவு, கடைத்தெருக்கள், இலகு இரயில் நிலையம் என அனைத்தையும் அது தழுவ முனையும். பொருள் சிறந்ததே. ஆனால் 90 நொடியில் அடங்காது. ஐந்து நிமிடமாக நீட்டினால் முடிக்க இயலாது. பழைய நிழற்படங்களும் ஒரு குரலும் அதனை இன்னும் நன்றாகவே சொல்லிவிடும்.

இரண்டாவது, 'ஜாலான் தெலாவியில் பாதுகாப்பாகச் சாலையைக் கடத்தல்'. பார்வையாளரும் பயனும் தெளிவாக உள்ளமையால் இதனை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. எனினும் சாலையைக் கடக்கும் ஒருவரைக் கேமராவே காட்டிவிடும். வாகன ஓட்டியின் கண்ணுக்குப் புலப்படாத பகுதியைச் சிறுவர்க்கு நிறமிட்டுக் காட்டுவது எனப் பொருளைக் குறுக்கினால், இதுவும் அசைவூட்டத்திற்கு உரியதாகிவிடும்.

மூன்றாவது, பங்சார் என்னும் பெயர். இவ்வட்டாரம் முன்னர் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. அத்தோட்டத்தோடு தொடர்புடைய ஐரோப்பியர் இருவரின் குடும்பப் பெயர்களான பூங்கே, கிரிசார் ஆகியவை இணைந்து மருவியே பங்சார் ஆயிற்று என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். முதற்பெயரின் தலையும் இரண்டாம் பெயரின் வாலும் சேர்ந்து ஓர் ஊராகிவிட்டன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியோருள் பெரும்பாலோர் தமிழர். அவர்களின் பெயர் எதுவும் இவ்வூரின் பெயரில் இல்லை.

அப்பெயர்கள் ஒலிக்காமலும் இல்லை. தோட்டப்புற வாழ்வில் விடியுமுன் தொழிலாளர் ஒன்றுகூடும் இடத்தைப் 'பெரட்டுக் களம்' என்பர். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மருவலே பெரட்டு. அங்கே கிராணியாரோ கங்காணியாரோ பெயர்ப்பட்டியலை வாசிக்க, ஒவ்வொருவரும் குரல் கொடுப்பர். அதன்பின் தத்தம் நிரைக்குச் செல்வர். நாள்தோறும் உரக்க அழைக்கப்பட்ட பெயர்கள் அவை. ஊர்ப்பெயரில் நிலைத்தவையோ இரண்டே.

இம்மூன்றாம் பொருளுக்கு அசைவூட்டம் இன்றியமையாதது. அத்தோட்டம் இன்று இல்லை. அதனைப் படமெடுக்கவும் இயலாது. இருளில் ஒவ்வொரு பெயரும் அழைக்கப்படும்போது ஒவ்வொரு விளக்கு தோன்றினால் போதும். முகங்களை வரைய வேண்டிய தேவை எழாமையால் ஓவியங்களின் எண்ணிக்கை பெரிதும் குறையும். விளக்குகள் மரநிரைகளினிடையே பரவி, விடியலில் அணைந்து, அவ்விடத்திலேயே இன்றைய தெருவிளக்குகளாக நிற்பதோடு படம் முடியலாம். முதலாளிகளைக் கொடியவராகச் சித்திரிக்கவும் வேண்டியதில்லை. எப்பெயர் நிலைத்தது, எப்பெயர் நிலைக்கவில்லை என்பதைப் பார்வையாளரே எண்ணிக்கொள்வர். மூன்று தெரிவுகளுள் இதுவே தேரத்தக்கது.

மொழியும் பொறுப்பும்

இத்தகைய படத்தில் எத்தமிழ் பேசப்படும் என்பதையும் பணிக்குறிப்பு கூறியாக வேண்டும். நிரை, மங்கு, கோட்டுப்பால், தீம்பார், லயம், ஆயாக்கொட்டகை போன்ற சொற்கள் தோட்டப்புறத் தமிழரின் வாழ்வில் வழங்கியவை. பால் ஏந்தும் கிண்ணத்தைக் குறிக்கும் 'மங்கு' மலாய்ச் சொல்லான மங்கோக்கிலிருந்து வந்தது. இச்சொற்களைக் கொச்சை எனக் கருதிச் செந்தமிழாக்கிவிட்டால் படத்தின் உயிர் குன்றும். மாறாக, விளக்கமின்றி விட்டுவிட்டால் இன்றைய நகரப் பள்ளி மாணவர்க்குப் புரியாது. உரையாடலில் வட்டாரச் சொல்லும், எடுத்துரைப்பிலும் திரை எழுத்திலும் பொதுத்தமிழும் எனப் பகுத்துக்கொள்ளலாம். ஒரு படத்தில் ஐந்து சொற்கள் இவ்வாறு பதிவானாலும், அச்சொற்கள் அடுத்த தலைமுறையின் செவிக்கு ஒருமுறையேனும் எட்டும்.

உண்மையைப் பேணுவதும் அத்தகைய கடமையே. பால் வெட்டும் தொழில் விடியற்காலையில் நடப்பதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த வேளையில் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். வெட்டுக்கத்தி பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டுமேயன்றி உள்மரத்தைத் தொடலாகாது. படத்தில் நண்பகல் வெயிலில் ஒருவர் கோடரியால் மரத்தைக் கொத்துவதாகக் காட்டினால், அத்தொழிலைச் செய்த முதியவர் ஒருவர் அவையில் இருப்பின் அவர் மனம் புண்படும். ஆகவே வரையத் தொடங்குமுன் தோட்டத்தில் வாழ்ந்தவர் ஒருவரையேனும் கண்டு கேட்டறிவதைப் பணிக்குறிப்பின் ஒரு விதியாக்கலாம். அவர் குரலையோ பெயரையோ வாழ்க்கை நிகழ்ச்சியையோ பயன்படுத்துவதாயின், எங்கே திரையிடப்படும் என்பதைக் கூறி அவர் இசைவைப் பெற வேண்டும். முடிந்த படத்தை அவருக்கு முதலில் காட்டுவது பண்பாடு.

இசையைப் பற்றியும் ஒரு சொல். திரைப்பாடல் ஒன்றை இசைவு பெறாமல் இணைத்தால், மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987இன்படி அதனைப் பொதுவில் வெளியிடுவதில் சிக்கல் எழும். தாமே ஒலிப்பதிவு செய்த காலடியோசை, வாளியின் ஓசை, பறவையொலி ஆகியவை இப்படத்திற்குப் பாடலைவிடப் பொருத்தமானவை.

எழுதிக் காட்டும் முறை

மேற்கூறிய தெரிவைப் பணிக்குறிப்பாக எழுதினால் அது பின்வருமாறு அமையும்:

"பெயர்: பெரட்டு. வழி: ஊர்ப்பெயர் விளக்கமும் தோட்டத்தில் வாழ்ந்த முதியவரின் நேர்முகமும். எல்லை: மலேசியத் தமிழர் வாழும் இடங்கள். பொருள்: பங்சார் தோட்டத்தின் ஒரு விடியற்காலை. யாப்பு: கையால் வரைந்த இருபரிமாண ஓவியம், கருமையும் மஞ்சளும் மட்டும், முகங்கள் இல்லை. அளவு: 90 நொடி. கேட்போர்: தமிழ்ப்பள்ளி நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவர். களம்: பள்ளி வகுப்பறைத் திரை. காலம்: 14 வாரம், ஆறாம் வார முடிவில் கதைப்பலகைப் படங்களை ஒலியோடு ஓடவிட்டுக் காட்டும் முன்னோட்டம். காரணம்: ஊர்ப்பெயரில் இடம்பெறாத உழைப்பாளரை நினைவுகூர்தல். பயன்: படம் முடிந்ததும் மாணவர் தம் வீட்டு முதியவரிடம் 'நம் குடும்பத்தார் எந்தத் தோட்டத்தில் இருந்தனர்?' என வினவுதல். ஆக்கியோர்: மூவர், கதையும் ஒலியும் ஒருவர் பொறுப்பு, பின்னணி ஒருவர் பொறுப்பு, அசைவு மூவர்க்கும் பொது."

இக்குறிப்பில் பயன் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதை ஆசிரியர்கள் உற்றுநோக்க வேண்டும். 'விழிப்புணர்வு ஏற்படுத்துதல்' என எழுதினால் அது நிறைவேறியதா என அறிய வழியில்லை. மாணவர் வீட்டில் ஒரு வினாவைக் கேட்டனரா என்பதை மறுநாளே வகுப்பில் அறிந்துவிடலாம். அளந்தறியத்தக்க பயனே பணிக்குறிப்பில் இடம்பெறத்தக்கது.

பாயிரத்தை நூலாசிரியர் தாமே எழுதுவதில்லை. அவருடைய ஆசிரியர், அவரோடு கற்றவர், அவர் மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே எழுதுவதற்கு உரியர் என்பது நன்னூல் மரபு. இம்மரபிலிருந்து வகுப்பறைக்கு ஒரு பயிற்சியைப் பெறலாம். ஒரு குழுவின் பணிக்குறிப்பை மற்றொரு குழுவிடம் கொடுத்து, அப்படத்தைப் பற்றிப் பத்து வரிகள் எழுதச் சொல்ல வேண்டும். எழுதியவர் மனத்தில் தோன்றிய படமும் ஆக்குவோர் மனத்தில் உள்ள படமும் ஒத்திருப்பின், பணிக்குறிப்பு தெளிவானது. வேறுபடின், ஓர் ஓவியமும் வரையாத நிலையிலேயே அதனைத் திருத்திக்கொள்ளலாம். பணிக்குறிப்புக்கெனத் தனி மதிப்பெண் ஒதுக்குவதும், முதல் இரு வாரத்தில் அதனை மாற்றிக்கொள்ள மாணவர்க்கு இடமளிப்பதும், அதன்பின் மாற்றத்தை அனுமதியாமையும் ஆசிரியர் கடைப்பிடிக்கத்தக்க நெறிகள்.

பங்சாரைப் போன்றே பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் முதலிய ஊர்களிலும் சொல்லப்படாத 90 நொடிகள் பல உள்ளன. செங்கல் சூளையிலிருந்து பெயர் பெற்ற தெருக்களும், தொடர்வண்டித் தொழிலாளர் வாழ்ந்த குடியிருப்புகளும், துறைமுகத்தை நோக்கிச் சென்ற ரப்பர்க் கட்டுகளும் மாணவர் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. அவற்றை அறிந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். எனவே இப்பருவத்தில் பணிக்குறிப்பைத் தேரும் மாணவர், முதலில் தம் தெருவின் பெயரை எழுதி, அப்பெயர் எவ்வாறு வந்தது என முதியவர் ஒருவரிடம் கேட்டுத் தொடங்குவாராக.